பூவரசங்குளத்தை மூன்றாக உடைக்கும் அரைப்புள்ளி: தெரியுமா?

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் பஸ் ஏறினால் பூவரசங்குளம் வரும். பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரே ஊர். கணினிக் கோப்பு வழியாகப் போகிறவருக்கு அது மூன்று ஊராகவும் வரக்கூடும், தெரியுமா? முதல் துண்டு "பூவரசங". இரண்டாம் துண்டு "குளம". மூன்றாவது ஒன்றுமே இல்லாத வெற்றிடம்! ஊரை வெட்டிய கத்தி எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு அரைப்புள்ளி!

கதையைக் கேட்குமுன் சி.எஸ்.வி. கோப்பு என்றால் என்னவென்று இரண்டு வரி. பெயர், ஊர், காணி, தொலைபேசி என ஒவ்வொரு விபரத்தையும் காற்புள்ளி போட்டுப் பிரித்து, ஆளுக்கொரு வரியாக எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். நோட்பேட்டிலேயே திறக்கலாம். வங்கிக் கணக்கு விபரம் முதல் பரீட்சைப் புள்ளிப் பட்டியல் வரை, ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தகவல் கொடுக்கும்போது பெரும்பாலும் கை நீட்டுவது இதற்குத்தான்.

இத்தனை எளிய கோப்பை வாசிக்க எத்தனை அமைப்புகள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று? நான்கு? பைதன் மொழிக்காரர் பாவிக்கும் பாண்டாஸ் நூலகத்தில் சி.எஸ்.வி.யை வாசிக்கும் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் ஏறக்குறைய 50! பிரிப்பான் எது, மேற்கோள் குறி எது, தலைப்பு எந்த வரியில், எது எண், எது எழுத்து, எது வெற்றிடம், எந்தக் குறிமுறை என்று அடுக்கிக்கொண்டே போகும். ஏன் இத்தனை? இந்தக் கோப்பு தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது! எல்லாவற்றையும் வாசிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணினி தானாக ஊகிக்கும். அது ஊகிக்கத் தொடங்கினால்தான் வேடிக்கை.

"இ" என்ற எழுத்து காற்புள்ளி, தெரியுமா?

எங்கள் பக்கத்தில் கணினியில் தமிழ் தட்டிய எவருக்கும் பாமினி என்ற எழுத்துருவைத் தெரியும். கல்யாண அழைப்பிதழ், கோயில் துண்டுப்பிரசுரம், பாடசாலை மலர், அலுவலகக் கடிதம் எல்லாம் பல ஆண்டுகள் பாமினியில்தான் வந்தன. பழைய கோப்புகளைத் திறந்தால் இன்றைக்கும் பாமினிதான். அதன் இரகசியம் இது: கணினியின் உள்ளே இருப்பது தமிழ் அன்று, ஆங்கில எழுத்து! அந்த ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. "தமிழ்" என்று தட்ட வேண்டுமா? ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசை. கடைசியாக வந்த அந்த அரைப்புள்ளிதான் "ழ்" மேலே இருக்கும் புள்ளி!

ஆம், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் உள்ளே ஓர் அரைப்புள்ளி. அதோடு நிற்கவில்லை. "இ" என்ற உயிரெழுத்து எந்த விசை தெரியுமா? காற்புள்ளி! அப்படியானால் உண்மையான காற்புள்ளி? அதற்குக் கணக்குப் பாடத்தில் வரும் "பெரியது" குறியைத் தட்ட வேண்டும். எல்லாமே ஒரு வீடு தள்ளிக் குடியிருக்கிறது!

இப்போது "இலங்கை" என்று பாமினியில் தட்டிப் பாருங்கள். காற்புள்ளி, ஒய், கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். உலகில் சி.எஸ்.வி. கோப்புகளைப் பிரிக்க அதிகம் பாவிக்கப்படும் இரண்டு குறிகளும் இந்த நாட்டின் பெயருக்குள்ளேயே இருக்கின்றன! காற்புள்ளியில் வெட்டினால் தலை போய் "லங்கை" மிஞ்சும். அரைப்புள்ளியில் வெட்டினால் "இலங" ஒரு பக்கம், "கை" ஒரு பக்கம்!

கிராம அலுவலர் பிரிவொன்றின் விவசாயிகள் பட்டியலைப் பாமினியில், கையால், காற்புள்ளி போட்டுத் தட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் இராசம்மா என்று ஒருவர். வாசிக்கும் கணினிக்கு அந்த "இ" பிரிப்பானாகத் தெரியும். பெயருக்குரிய நிரல் வெறுமையாகிவிடும், "ராசம்மா" ஊர் நிரலுக்குப் போவார், பூவரசங்குளம் காணி அளவு நிரலில் குந்தும், காணி அளவு தொலைபேசி இலக்கமாகும். பக்கத்து வரியில் கந்தசாமி எந்தச் சேதமும் இல்லாமல் இருப்பார்! இன்னொரு விசித்திரம்: முகவரியில் "பூவரசங்குளம், வவுனியா" என்று போட்ட நிஜக் காற்புள்ளி உள்ளே "பெரியது" குறியாக இருப்பதால், அது எதையும் வெட்டாது!

அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுக்கும் என்ன நடக்கும்? எண்ணிப் பார்த்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் புள்ளி மூன்று, ஆகவே நான்கு துண்டு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இரண்டிரண்டு, ஆகவே மும்மூன்று துண்டு. கிளிநொச்சியில் ஒன்று, இரண்டு துண்டு. வவுனியாவில்? புள்ளியே இல்லை! ஐந்து மாவட்டங்களில் முழுசாகத் தப்புவது வவுனியா மட்டுமே. ஆனால் அதற்குள் இருக்கும் பூவரசங்குளத்தில் "ங்", "ம்" என இரண்டு புள்ளிகள். அதுதான் அந்த மூன்று ஊர்!

ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளி இடாமலேயே எழுதிப் போனார்கள். அவர்கள் பாமினியில் தட்டியிருந்தால் அரைப்புள்ளிக்கு வேலையே இருந்திராது என்று நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சி.எஸ்.வி. கோப்புக்கு எழுத்துருவின் பெயரே நினைவிராது என்பதும் தெரியுமா? எக்செலில் பாமினி போட்டு அழகாகத் தமிழ் தெரிந்த பட்டியலைச் சி.எஸ்.வி.யாகச் சேமித்து மறுபடி திறந்தால், ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தடிப்பு, நிறம், எழுத்துரு எதையும் அது வைத்துக்கொள்ளாது. பயப்படத் தேவையில்லை, தரவு அழியவில்லை. பாமினியை மறுபடி தெரிவு செய்தால் தமிழ் வந்துவிடும். அதைவிட நல்லது, முதலில் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அதற்குப் பிறகு சி.எஸ்.வி. ஆக்குவது.

பாரிஸில் ஏன் எல்லாம் ஒரே நிரலில் விழுகிறது, தெரியுமா?

பழைய மாணவர் சங்கங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பட்டியல் வவுனியாவிலிருந்து போகும், பாரிஸிலிருந்து திரும்பி வரும். பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள். நாம் 12.50 என்று எழுதுவதை அவர்கள் 12,50 என்று எழுதுவார்கள். காற்புள்ளி எண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதால், அங்கே உள்ள எக்செல் சி.எஸ்.வி. கோப்பை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. பெயரிலேயே காற்புள்ளியை வைத்திருக்கும் கோப்பில் காற்புள்ளியே இல்லை!

அதனால்தான் பாரிஸில் இருக்கும் அண்ணா ஒருவர் அனுப்பிய பட்டியலை வவுனியாவில் இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தால் எல்லாம் முதல் நிரலிலேயே குவிந்து கிடக்கிறது. அரைப்புள்ளியில் வெட்ட வேண்டும் என்று இங்குள்ள கணினிக்கு யாரும் சொல்லவில்லை. லண்டனிலிருந்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் காற்புள்ளிதான்.

எதிர்ப்பக்கமாகப் போனால் இன்னும் மோசம்! வவுனியாவில் பாமினியில் செய்து, காற்புள்ளியால் பிரித்த கோப்பை பேர்லினில் உள்ள கணினி அரைப்புள்ளியில் வெட்டும். அதாவது ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வெட்டும்! பட்டியல் முழுவதும் தமிழ் இலக்கணப்படி துண்டாகும் காட்சியை வேறெங்கும் காண முடியாது.

இந்தப் பிரிப்பானை எக்செல் எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? எக்செலிலிருந்தே இல்லை! விண்டோஸின் பிராந்திய அமைப்புக்குள் "பட்டியல் பிரிப்பான்" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அங்கே இருக்கும் குறிதான் சட்டம். திகதியையும் நாணயத்தையும் மாற்றப் போன ஒருவர், தெரியாமலேயே கணினியிலுள்ள எல்லாச் சி.எஸ்.வி. கோப்புகளின் வாசிப்பையும் மாற்றிவிடலாம்!

எட்டு எழுத்து, பன்னிரண்டு குறி, முப்பத்தாறு பைட்!

சரி, யூனிகோடுக்கு வந்துவிட்டோம், இனித் தொல்லை இல்லை என்கிறீர்களா? பொறுங்கள்.

"பூவரசங்குளம்" நம் கணக்கில் எட்டு எழுத்து. யூனிகோட் கணக்கில் பன்னிரண்டு, ஏனென்றால் பூவின் ஊகாரக் கொம்பும், குவின் உகாரமும், இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். யூ.ரி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக 36 பைட்! அந்த 36 பைட்டை யூ.ரி.எஃப்-8 என்று தெரியாத கணினி, பைட்டுக்கு ஒரு எழுத்தாக, மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் தேடிக் காட்டும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில "ஏ", அடுத்து வட்டத்துக்குள் "ஆர்", பிறகு வேறேதோ ஒரு குறி, மறுபடி கோடு போட்ட "ஏ", மறுபடி வட்டத்துக்குள் "ஆர்" என்று வரி நீளத்துக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த "ஏ" ஏன் விடாமல் வருகிறது? எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றேதான்! திரையில் அந்தச் சோடியைக் கண்டால் "இது தமிழ், குறிமுறை மட்டும் பிழை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

புள்ளிக்கு இங்கேயும் நிம்மதி இல்லை! அதன் மூன்றாவது பைட்டுக்கு விண்டோஸின் 1252 எண் கொண்ட அந்த மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஐந்து காலி இடங்களில் ஒன்றில் போய் விழுகிறது. பாவம், இந்தப் புள்ளி எங்கே போனாலும் இதே கதைதான்.

இந்தக் குப்பை எழுத்து ஆபத்தில்லாதது. குறிமுறையை யூ.ரி.எஃப்-8 என்று மாற்றித் திறந்தால் தமிழ் திரும்பி வரும். உண்மையான ஆபத்து எது தெரியுமா? கேள்விக்குறி! தமிழ்ப் பட்டியலை எக்செலில் சாதாரண "சி.எஸ்.வி." என்று சேமித்தால், பழைய அட்டவணையில் இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி எழுதப்படும். பூவரசங்குளம் இருந்த இடத்தில் பன்னிரண்டு கேள்விக்குறிகள். எந்த வித்தகராலும் அதை மீட்க முடியாது. 2016க்குப் பிந்திய எக்செலில் "சி.எஸ்.வி. யூ.ரி.எஃப்-8" என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். அப்படிச் சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேரும். "நான் யூ.ரி.எஃப்-8" என்று எக்செலுக்குச் சொல்லும் முத்திரை அது. ஆனால் வேறு சில மென்பொருள்கள் அந்த முத்திரையை முதல் தலைப்போடு ஒட்டி வாசித்துவிட்டு, "பெயர் என்று ஒரு நிரலே இல்லையே!" என்று சாதிக்கும். திரையில் "பெயர்" என்று பளிச்சென்று தெரியும்!

அரை ஏக்கர் எப்படிப் பெப்ரவரி முதலாம் திகதி ஆகிறது?

எங்கள் வன்னியில் காணி ஏக்கரில்தான். அரை ஏக்கர் என்றால் 1/2 என்று எழுதுவோம். இதைச் சி.எஸ்.வி.யில் வைத்து எக்செலில் திறந்தால் அது திகதியாகிவிடும்! இங்கிலாந்து முறை அமைப்பென்றால் பெப்ரவரி 1. அமெரிக்க அமைப்பென்றால் ஜனவரி 2. முக்கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஏப்ரல் 3 அல்லது மார்ச் 4. "என்னடா தம்பி, அரை ஏக்கர் எண்டுதானே எழுதிக் குடுத்தன், இஞ்ச பெப்ரவரி ஒண்டு எண்டு கிடக்கு?" என்று பெரியவர் கேட்டால் தம்பி என்ன சொல்வார்? வேடிக்கை என்னவென்றால் ஒன்றரை ஏக்கர்காரர் தப்பிவிடுவார். 1 1/2 என்று எழுதினால் எக்செல் அதை ஒழுங்காக 1.5 என்று புரிந்துகொள்ளும்! வீட்டு இலக்கம் 12/3 என்றால் மறுபடி கதை கந்தல்.

அடையாள அட்டைக்கு வாருங்கள். பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும். எழுத்து இருந்ததால் எக்செல் அதைத் தொடாது. 2016 முதல் வந்த புதிய இலக்கம் பன்னிரண்டு எண், எழுத்து கிடையாது. எக்செல் எத்தனை இலக்கத்திலிருந்து பெரிய எண்களைச் சுருக்கி அடுக்குக்குறி வடிவில் காட்டத் தொடங்குகிறது தெரியுமா? சரியாகப் பன்னிரண்டில்! பதினொன்று என்றால் தப்பியிருப்போம். திரையில் சுருங்கிக் காட்டினாலும் உள்ளே முழு எண்ணும் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே மறுபடி சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் எழுதப்படும். ஊரில் பலருக்கும் ஒரே மாதிரி அடையாள அட்டை! பதினாறு இலக்க வங்கி அட்டை எண் என்றால் சேமிக்கக்கூடத் தேவையில்லை. எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் நினைவில் வைப்பதில்லை, பதினாறாவது இலக்கம் திறந்த உடனேயே பூச்சியமாகிவிடும்.

தொலைபேசியில் வவுனியாவின் 024, தலைப் பூச்சியத்தை இழந்து 24 ஆகும். +94 என்று எழுதினால் கூட்டல் குறி காணாமல் போகும். தபால் குறியீட்டில் மட்டும் நாம் கொழும்பை வென்றுவிட்டோம்! வவுனியாவின் 43000 அசையாமல் நிற்கும். கொழும்பு 1இன் 00100 வெறும் 100 ஆகிப் போகும்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றே. கணக்குப் போடாத எண்ணை எண்ணாக வாசிக்க விடக்கூடாது. அடையாள அட்டையை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. தொலைபேசி இலக்கத்துக்குச் சராசரி பார்ப்பதில்லை. அந்த நிரல்களை எழுத்து என்று அறிவித்துவிட்டால் பூச்சியமும் தங்கும், அடுக்குக்குறியும் வராது.

நாம் மட்டுமா மாட்டினோம்? மரபணு விஞ்ஞானிகளும் மாட்டினார்கள்! "மார்ச்1", "செப்ட்2" என்று பெயரிட்ட மரபணுக்களை எக்செல் திகதியாக்கிக்கொண்டே இருந்தது. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு கண்டது. 2020இல் விஞ்ஞானிகள் தோல்வியை ஒப்புக்கொண்டு மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்! 2023இல்தான் மைக்ரோசொப்ட் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்க ஒரு தெரிவைக் கொடுத்தது.

அதே 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளரின் விபரங்கள் கணக்கில் வராமல் போனது தெரியவந்தது. ஆய்வுகூடங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்புகளைச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவத்துக்குள் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 நிரைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்தன!

பிரிப்பதற்கென்றே பிறந்த குறிகள் இருந்தன, தெரியுமா?

காற்புள்ளியால் பிரிக்கும் வழக்கம் தனிநபர் கணினிக்கு முந்தியது. 1972இல் ஐ.பி.எம்.மின் போர்ட்ரான் தொகுப்பி காற்புள்ளி போட்ட தரவை வாசித்தது. அதற்கு முந்திய துளையட்டைக் காலத்தில் ஒவ்வொரு விபரத்துக்கும் இத்தனையாவது கட்டம் என்று இடம் குறித்திருப்பார்கள். ஒரு கட்டம் தள்ளித் தட்டினால் அட்டை முழுவதும் பிழை. காற்புள்ளி வந்ததும் அந்த எண்ணிக்கை வேலை ஒழிந்தது.

ஆச்சரியம் அதற்கும் முன்னால் இருக்கிறது. 1963இல் வந்த ஆஸ்கி தரத்திலேயே தரவைப் பிரிப்பதற்கென்று எட்டுக் குறிகளை ஒதுக்கியிருந்தார்கள்! இன்றைக்கும் 28 முதல் 31 வரையான இடங்களில் அவற்றில் நான்கு இருக்கின்றன. யாருடைய பெயரிலும் வராத, எந்த முகவரியிலும் நுழையாத குறிகள். அவற்றைப் பாவித்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஏன் பாவிக்கவில்லை? விசைப்பலகையில் அவற்றுக்கு விசை இல்லை!

இன்னொன்று: உலகம் முழுவதும் பாவித்த இந்தக் கோப்புக்கு 2005 வரை எழுதி வைத்த பொது விதி இருக்கவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் ஆர்.எஃப்.சி. 4180 வந்தது. அதுவும் கட்டாயச் சட்டமாக வரவில்லை, நடைமுறையில் இருந்ததைத் தொகுத்துச் சொன்ன ஒரு குறிப்பு.

அது சொல்லும் முக்கிய விதி மேற்கோள் பற்றியது. விபரத்துக்குள் காற்புள்ளி இருந்தால் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடு. இப்படி:

கந்தசாமி,"மன்னார் வீதி, பூவரசங்குளம்",2.5

இதில் நிரல் மூன்றுதான். மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளி வெட்டாது. உள்ளேயே மேற்கோள் குறி வேண்டுமென்றால் அதை இரண்டு முறை போட வேண்டும். இலேசாகத்தானே இருக்கிறது? இப்போது கையால் தட்டுகிறவரின் நல்ல பழக்கம் ஒன்றைப் பாருங்கள். காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளி வந்ததும் மேற்கோள் விபரத்தின் முதல் எழுத்தாக இல்லாமல் போகிறது. பல மென்பொருள்கள் அதற்குப் பிறகு அதை மேற்கோளாகவே மதிப்பதில்லை! முகவரி இரண்டாகப் பிளக்கும். இதற்கென்றே "முன் இடைவெளியைத் தவிர்" என்று பைதனில் ஓர் அமைப்பு உண்டு. வேர்டில் தட்டி ஒட்டினாலும் இதே கதி. வேர்ட் போடும் வளைந்த மேற்கோள் பார்வைக்கு அழகு, சி.எஸ்.வி.க்கு அது வெறும் எழுத்து.

வெற்றிடம் பூச்சியமா?

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். 1971 தொகைமதிப்புப் பட்டியலை எடுத்து முல்லைத்தீவு மாவட்டத்தைத் தேடுங்கள். இருக்காது. அந்த மாவட்டம் 1978இல்தான் உருவானது. 1981 பட்டியலில் கிளிநொச்சி மாவட்டத்தைத் தேடுங்கள். அதுவும் இருக்காது, அது 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. 2001இல் போர் காரணமாக 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே தொகைமதிப்பு முழுமையாக நடந்தது. இந்தப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு சி.எஸ்.வி. செய்தால், வன்னியின் வரிகளில் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றுமே இராது. "வெற்றிடத்தைப் பூச்சியமாக்கு" என்ற ஒரேயொரு அமைப்பைத் தட்டிவிட்டால், வன்னியில் 2001இல் மனிதரே இல்லை என்று கணினி வரைபடம் வரைந்து காட்டும்! எண்ணப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? வெற்றிடத்தை வெற்றிடமாகவே வாசிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு நேரெதிரான வேடிக்கையும் உண்டு. நமீபியா நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு "என்.ஏ." ஆங்கிலத்தில் "பொருந்தாது" என்பதற்கும் அதே சுருக்கம். பாண்டாஸ் அதைக் கண்டவுடன் "தரவு இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாடு முழுசாக மறைந்துவிடும்! நம்மூர் பஸ் இலக்கத் தகட்டிலும் "என்.ஏ." வரிசை இருக்கிறது. எழுத்துப் பகுதியைத் தனி நிரலில் வைத்தால் பஸ்ஸும் மறையும்.

இலங்கையில் பிறந்த மென்பொருள், தெரியுமா?

2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையையும் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த சில நாட்களிலேயே இலங்கைத் தொண்டர்கள் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். பெயர் சஹானா. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் என எல்லாப் பட்டியலையும் ஒரே இடத்தில் வைக்கும் திறந்த மூல மென்பொருள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது! பிந்திய சஹானா ஈடனில் விரிதாள் பட்டியல்களைச் சி.எஸ்.வி.யாக ஏற்றலாம். எந்த நிரல் எந்தத் தகவல் என்று சொல்லும் மாற்று விதியைத் தனிக் கோப்பாக எழுதி வைத்தால் போதும், பட்டியலைத் தொட வேண்டியதில்லை.

ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்காரர் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். தலைப்பு வரிக்குக் கீழே ஒரு வரி முழுவதும் ஹேஷ்டேக்! மாகாணத்துக்கு ஒன்று, பாதிக்கப்பட்டோர் தொகைக்கு ஒன்று. தலைப்பு தமிழிலோ சிங்களத்திலோ பிரெஞ்சிலோ இருக்கட்டும், கணினி ஹேஷ்டேக்கைப் பார்த்துக்கொள்ளும். 2015 டிசெம்பரில் உலகளாவிய வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி, பிரிப்பான், மேற்கோள், குறிமுறை, தவிர்க்க வேண்டிய வரிகள் எல்லாவற்றையும் துணைக் கோப்பொன்றில் எழுதிக் கூடவே அனுப்பும் முறையைப் பரிந்துரைத்தது. நல்ல ஏற்பாடு, பாவிக்கிறவர்தான் குறைவு.

பட்டியல் என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் இல்லை. 2009இல் போரால் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் பக்கம் முகாம்களில் இருந்தபோது, பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வியும்.

இரட்டைச் சொடுக்கை விடுங்கள்!

சி.எஸ்.வி.யை இரட்டைச் சொடுக்கிட்டால் எக்செல் எதையும் கேட்காமல் தானே முடிவெடுத்துத் திறந்துவிடும். அதற்குப் பதிலாக வெறும் எக்செலைத் திறந்து, தரவுப் பட்டியிலிருந்து கோப்பை இறக்குமதி செய்யுங்கள். குறிமுறைப் பட்டியலில் 65001 என்ற எண் கொண்ட யூ.ரி.எஃப்-8ஐ எடுங்கள். பிரிப்பானைச் சொல்லுங்கள். தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்னோட்டத்தில் பூவரசங்குளம் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரெ ஒபிஸ் இதில் எக்செலைவிட மேல் என்பது என் தீர்ப்பு. அது திறக்கும்போதே எழுத்துக் குறிமுறை, பிரிப்பான், மேற்கோள், எந்த வரியிலிருந்து தொடங்குவது என்று எல்லாவற்றையும் கேட்டு, கீழே முன்னோட்டமும் காட்டும். நிரலின் தலையைச் சொடுக்கி "எழுத்து" என்று மாற்றினால் அடையாள அட்டையும் 024உம் தப்பிவிடும்.

பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம அலுவலரோ, சங்கச் செயலாளரோ, பாரிஸ் அண்ணாவோ, யாராக இருந்தாலும் கோப்போடு நான்கு விபரத்தை எழுதி அனுப்புங்கள்: யூனிகோடா பாமினியா, பிரிப்பான் எது, திகதியில் முதலில் நாளா மாதமா, வெற்றிடம் என்றால் தெரியாது என்று பொருளா இல்லை என்று பொருளா. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியில் அடங்கிவிடும்.